ஆடு புலி ஆட்டம்: பழைய போன் இருக்கிறவங்க கை கொடுங்க

வணக்கம் மக்களே. வேலை முடிஞ்ச நேரத்துல கேம் செய்யற மென்பொருளான கோடோ (Godot) எஞ்சின்ல ஆடு புலி ஆட்டத்தை போன் கேமா செஞ்சுட்டு இருக்கேன். காசு வேண்டாம், உங்க நேரம்தான் வேணும்.

கோடோ 3-ல ‘கொ’ கூட உருப்படியா தெரியாது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். 2023-ல வந்த 4-க்கு மாத்தினதும் எழுத்து சரியாயிடுச்சு. ஆனா பழைய ஆண்ட்ராய்டு போன்ல ஆட்டம் திணறுது. அப்படி ஒண்ணு சும்மா கிடந்தா ஓட்டிப் பார்த்து, மாடல் பேரோட ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுப்புங்க.

3 புலி, 15 ஆடு, 23 புள்ளின்னு வெச்சிருக்கேன். எத்தனை ஆடு வெட்டினா புலிக்கு ஜெயம்? அதுலதான் ஊருக்கு ஊர் வழக்கு. உங்க ஊர்க் கணக்கைச் சொல்லுங்க, செட்டிங்ஸ்ல சேர்த்துடறேன். வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுச் சொன்னா இன்னும் நல்லது. லிங்க் வேணும்னா இன்பாக்ஸ் வாங்க.