பழைய கெட்டுவள்ளம் வாங்கியிருக்கிறேன்: கட்டுவதற்கும் பெயர் வைப்பதற்கும் யோசனை வேண்டும்

கொல்லங்கோட்டான்:

மக்களே, மரப்படகு விஷயம் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். கேரளத்துப் பூவாறு காயலில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய கெட்டுவள்ளத்தை, அதாவது பலகைகளைக் கயிற்றால் கட்டின பெரிய மரப்படகை, வாங்கியிருக்கிறேன். மேலே இருந்த ரூம், ஏசி, பாத்ரூம் எல்லாவற்றையும் விற்றவரே கழற்றிக்கொண்டு போய்விட்டார், எனக்கு வந்தது வெறும் வள்ளமும் அதற்குள் முழங்கால் அளவு மழைத்தண்ணீரும்தான். சுமார் ஐம்பதடி நீளம், அயனிப் பலகை (காட்டுப் பலா வகை மரம்), முழுக்கக் கயிற்றுக் கட்டு. கட்டினவர்கள் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, ஆனால் பின்னால் வந்தவர்கள் பிளைவுட் பிடிப்பதற்காக இறக்கிய ஸ்குரூ கணக்கில்லாமல் கிடக்கிறது. கேரளத்தின் குட்டநாட்டில் நெல் ஏற்றின வள்ளம் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

இதை வைத்து டூரிஸ்ட் தொழில் செய்கிற எண்ணம் இல்லை. எங்கள் ஊர் வழியாகப் போகிற ஏவிஎம் கால்வாயில் வள்ளம் போன கதையைக் கேட்டே வளர்ந்தவன் நான். அனந்தபத்மநாபன், விக்டோரியா மகாராணி, மார்த்தாண்ட வர்மா என்று மூன்று பேருடைய பெயரையும் சேர்த்து வைத்து 1860-ல் திருவிதாங்கூர் ராஜா தொடங்கின கால்வாய், திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை கொண்டுபோவதாகத் திட்டம், இப்போது நம் குமரிப் பக்கத்தில் பல இடத்தில் மண் மூடி, வீடு கட்டி, மிச்சம் சாக்கடை. பூவாறு பக்கம் தண்ணீர் இருக்கிற தூரம் மட்டுமாவது குடும்பத்தோடு போய்வரலாம் என்று ஒரு ஆசை.

சந்தேகம் இரண்டு. பல இடத்தில் கசிகிறது. ஒருவர் வெளியே முழுக்க ஃபைபர் அடித்துவிட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை என்கிறார். வயதான ஆசாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்த்துக் கட்டாமல் எது செய்தாலும் காசு தண்ணீரில்தான் போகும் என்கிறார். யார் சொல்வது சரி?

இன்னொன்று பெயர். முன்பக்கம் ‘கிரீன் பாரடைஸ்’ என்று ஒரு பலகை ஸ்குரூ போட்டு வைத்திருந்தார்கள். அதைக் கழற்றினால் அடியில், மரத்திலேயே உளியால் வெட்டின மலையாள எழுத்தில் ‘கமலாக்ஷி’ என்று இருக்கிறது. வீட்டில் மகள் பெயரை வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வைக்கலாமா?

மூத்தாசாரி மகன்:

ஆசாரி சொன்னதுதான் சரி. ஃபைபர்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள்.

காரணம் சொல்கிறேன். கெட்டுவள்ளம் ஆணி அடித்த படகு மாதிரி விறைத்து நிற்காது, பலகையும் பலகையும் கயிற்றில் பிணைந்திருப்பதால் லோடு ஏறும்போதும் தரையில் உரசும்போதும் உடம்பு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், அதுதான் அதன் பலமே. ஃபைபருக்கு நெளியத் தெரியாது. பலகை சேர்கிற இடத்தில் மயிரிழையாக விரிசல் விடும், அதற்குள் இறங்கின தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்துக்கும் ஃபைபருக்கும் நடுவில் நிற்கும். வெளியே பார்த்தால் பளபள என்றுதான் இருக்கும், உள்ளே பலகை மாவாகிக்கொண்டிருக்கும். இன்னும் நாலைந்து வருடம் ஓட்டிவிட்டுத் தள்ளிவிடப் போகிற வள்ளம் என்றால் ஃபைபர் அடியுங்கள், தப்பில்லை. உங்கள் எண்ணம் அதுவல்லவே.

இதற்கெல்லாம் முன்னால் அந்த மழைத்தண்ணீரை இன்றைக்கே இறைத்துவிட்டு மேலே ஓலையோ தார்ப்பாயோ போடுங்கள். உப்புத்தண்ணீரை மரம் தாங்கும், மரத்தை அழுக வைப்பது உள்ளே தேங்குகிற மழைத்தண்ணீர்தான். அதற்காகக் கரையில் ஏற்றி வெயிலில் போட்டுவிடாதீர்கள், பலகை சுருங்கி இணைப்பு எல்லாம் வாய் பிளந்துவிடும். நிழலில் ஏற்றி, பக்கவாட்டில் நனைந்த சாக்குப் போட்டு வையுங்கள்.

அப்புறம் உளியின் மரப்பிடியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல அயனி ‘டங்’ என்று திருப்பிச் சொல்லும். ‘தொப்’ என்று வந்தால் அந்த இடத்தில் கோணி ஊசியால் குத்திப் பாருங்கள், பாதி ஊசி இறங்கினால் அந்தப் பலகை போயிற்று. பாத்ரூம் இருந்த இடத்துக்கு அடியிலும், ஸ்குரூ போட்ட ஓட்டைகளைச் சுற்றியும், இரண்டு முனையிலும் நிச்சயமாக இருக்கும். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடந்த அடிப்பலகை, பார்க்கக் கருப்பாக இருந்தாலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், நிறத்தைப் பார்த்து அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

கயிறு முழுவதையும் ஒரே சமயத்தில் அவிழ்க்கக் கூடாது, வள்ளம் வடிவம் விட்டுப் போய்விடும். கெட்டுப்போன பலகையை மட்டும் எடுத்து, அதையே அச்சாக வைத்துப் புதுப் பலகை செதுக்கி, அது உட்கார்ந்த பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். இணைப்பின் மேல் நாரைத் திரித்து மெத்தை மாதிரி வைத்து, அதற்கு மேலே கயிறு வரும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று உட்கார்ந்து ஒரே துளையில் கயிற்றை மாற்றி மாற்றி வாங்கி, கம்பால் நெம்பி இறுக்கி, கயிறு தளர்வதற்குள் துளையில் நாரை அடைப்பார்கள். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, காயலில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு அடித்த நாரில் திரித்த கயிறு வேண்டும். ஊறாத கதம்பையை மெஷினில் அடித்து எடுத்த நார் கடையில் சல்லிசாகக் கிடைக்கும், வாங்காதீர்கள், தண்ணீரில் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கடைசியில் கொல்லாம் அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டை எண்ணெய். அண்டித் தோட்டிலிருந்து எடுக்கிற கருப்பு எண்ணெய், அதைக் காய்ச்சிச் சூட்டோடு அடிக்க வேண்டும். கையில் பட்டால் கொப்பளித்துத் தோல் உரியும், அடிப்பவர் கை நிறையத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளட்டும், காய்ச்சுகிற புகை பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். பழைய பூச்சைச் சுரண்டிதான் எடுக்க வேண்டும், கிரைண்டர் வைத்தால் கயிறும் சேர்ந்து அறுந்துவிடும்.

பூவாறில் பொழி (ஆறு கடலில் சேருகிற வாய்) திறந்திருக்கிற மாதங்களில் உப்பு ஏறும், மரம் துளைக்கிற புழு வரும். பழைய ஆட்கள் வள்ளத்தை வருடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நல்ல தண்ணீர் பக்கம் கொண்டுபோய்க் கட்டுவார்கள், உப்பில்லாவிட்டால் புழு சாகும். நெய்யாற்றில் மேலே தள்ளிப் போனாலே போதும்.

பொழியூர்க்காரன்:

பெயருக்கு இவ்வளவு யோசனையா? நம் கடற்கரையில் வள்ளம் கை மாறினால் பெயரும் மாறும். நேற்று அந்தோணியார், இன்றைக்கு வேளாங்கண்ணி மாதா, நாளைக்கு மூத்த பேத்தி. எந்தப் படகும் கோபித்துக்கொண்டு கவிழ்ந்ததாக நான் கேள்விப்படவில்லை. பெயரில்தான் எல்லாம் இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், 1924 ஜனவரியில் கேரளத்துப் பல்லனையில் கவிழ்ந்து மலையாள மகாகவி குமாரன் ஆசானைக் கொண்டுபோன போட்டின் பெயர் ‘ரெடீமர்’. காப்பாற்றுகிறவர் என்று பெயர் வைத்துவிட்டு அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் என்ன ஆகும்? மகள் பெயரையே வையுங்கள் அண்ணே, வீட்டில் நிம்மதி கிடைக்கும்.

கொல்லங்கோட்டான்:

மூத்தாசாரி மகனுக்கு ரொம்ப நன்றி. தண்ணீரை இறைத்தாயிற்று, தார்ப்பாயும் போட்டாயிற்று. ஊசி குத்திப் பார்த்ததில் பின்பக்கம் மூன்று பலகை போயிருக்கிறது, அடிப்பலகை நீங்கள் சொன்ன மாதிரியே கருங்கல்லாக இருக்கிறது. அந்த ஆசாரியிடமே வேலையைக் கொடுக்கப் போகிறேன். அயனித் தடிதான் ஐம்பதடி வள்ளத்துக்கு ஏற்ற நீளத்தில் கிடைப்பதில்லை, மில்லில் எல்லாம் கட்டில் அளவுக்குத்தான் அறுத்து வைத்திருக்கிறார்கள். யாருக்காவது குலசேகரம், திற்பரப்பு பக்கம் நேரான மரம் நிற்பது தெரிந்தால் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்தில் மனசு இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வெட்டின எழுத்தைப் பார்த்த பிறகு அதன் மேலே இன்னொரு பலகை வைக்கக் கை வரவில்லை.

பர்மிங்காம் மார்த்தாண்டம்:

நான் மார்த்தாண்டத்துக்காரன், இருப்பது இங்கிலாந்தில். இங்கே கால்வாய்ப் படகுகளை மீட்டெடுக்கிற ஒரு கூட்டத்தோடு வார இறுதிகளில் போய் வேலை செய்கிறேன், அதனால் பெயரைப் பற்றி என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே நேரோபோட் என்பார்கள். அகலம் ஏழடிக்குள், நீளம் எழுபதடி வரை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி காலத்தில் மத்திய இங்கிலாந்துக் கால்வாய்களில் படகை ஏற்றி இறக்குகிற மடைகளை ஏழடி அகலத்துக்குக் கட்டியதால் படகும் அந்த ஒடிசலிலேயே நின்றுவிட்டது. நிலக்கரி ஏற்றினவை. முன்னால் இஞ்சின் படகு, பின்னால் அது இழுத்துப் போகிற இன்னொரு படகு, பின்கோடியில் கட்டில் அளவு கேபினுக்குள் ஒரு குடும்பமே குடியிருந்தது. 1948-ல் பெரும்பாலான கால்வாய்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின, அப்புறம் சரக்கெல்லாம் லாரிக்குப் போயிற்று, படகுகளைப் பாதியாக வெட்டி வீடாக்கினார்கள், குளத்தில் மூழ்கடித்தார்கள்.

1930-களில் கிராண்ட் யூனியன் கம்பெனி நூற்றுக்கணக்கில் படகு கட்டினபோது சிறிய படகுகளுக்கு நட்சத்திரப் பெயர்களையும் பெரியவற்றுக்கு ஊர்ப் பெயர்களையும் வைத்தது. அதனால் பெயரைக் கேட்டாலே எந்தப் பட்டறை, எந்த வகை என்று பழைய ஆட்கள் சொல்லிவிடுவார்கள். வீடாக்கினவர்கள் அந்தப் பெயர்களை அழித்துத் தங்கள் இஷ்டத்துக்கு வைத்தார்கள். இன்று மீட்டெடுக்கிறவர்கள் பெயின்டைச் சுரண்டி, கம்பெனிப் பதிவேடு, 1877 சட்டப்படி குடியிருக்கிற படகுகளுக்குக் கொடுத்த பதிவு எண் இதையெல்லாம் தேடிப் பழைய பெயருக்கே திரும்புகிறார்கள். பெயர் தெரிந்தால்தான் அந்தப் படகு என்ன ஏற்றிற்று, யார் ஓட்டினார்கள் என்று காகிதத்தில் கண்டுபிடிக்க முடியும், பாசத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

உங்களுக்குக் கிடைத்திருப்பது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம், பெயர் மரத்திலேயே இருக்கிறது. குட்டநாட்டில் நெல் வியாபாரம் செய்த குடும்பங்களில் ‘கமலாக்ஷி வள்ளம்’ என்று கேட்டால் யாருக்காவது நினைவு வரலாம். ‘கிரீன் பாரடைஸ்’ பற்றிக் கேட்டால் யாருக்கு வரும்? மகள் பெயரை ஒரு சின்னத் தோணி வாங்கி அதற்கு வையுங்கள், அவளே துழாவிப் பழகட்டும்.

இன்னொன்று, அடிப்பலகை பற்றி மேலே சொன்னது இங்கேயும் அப்படியே. இரும்புப் பக்கம் வைத்த பழைய படகுகளுக்குக்கூட அடியில் எல்ம் மரப் பலகைதான். தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற வரை அது பல வருடம் நிற்கும், காய்ந்து காய்ந்து நனைந்தால்தான் கெடும்.

பேப்பர் பார்க்கிறவன்:

எல்லோரும் மரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், காகிதத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இஞ்சின் வைக்கப் போகிறீர்களா, இல்லையா? 1917 சட்டத்தை எடுத்துவிட்டு 2021-ல் புது உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. இஞ்சின் உள்ள கலத்துக்குப் பதிவு, சர்வே, இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும், கழுக்கோல் போட்டுத் தள்ளுகிற வள்ளத்துக்கு உள்ளாட்சியில் பெயர் சேர்த்தால் போதும். பூவாறில் கட்டி வைத்திருப்பதால் உங்களுக்குக் கேரளக் கணக்கு, இஞ்சின் என்றால் மாரிடைம் போர்டு. புதுச் சட்டத்தில் ஒரு மாநிலத்துப் பதிவு நாடு முழுக்கச் செல்லும், அதனால் எல்லை தாண்டி நம் பக்கம் வந்தாலும் தனியாக அனுமதி வாங்க வேண்டாம். வருவதற்குக் கால்வாயில் தண்ணீர் இருக்க வேண்டும், அது வேறு கதை.

டூரிஸ்ட் ஏற்றின வள்ளம் என்றால் ‘கிரீன் பாரடைஸ்’ என்ற பெயரில்தான் பதிவு இருக்கும். அந்த ஆர்சி விற்றவரிடம் இருக்கிறதா, உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாரா என்று முதலில் பாருங்கள். பெயர் மாற்றம், உடமை மாற்றம் இரண்டையும் ஒரே மனுவில் கேட்டுப் பாருங்கள், அலைச்சல் பாதியாகும். அது கைக்கு வரும் வரை முன்பக்கம் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். பேப்பரில் ஒரு பெயர், வள்ளத்தில் ஒரு பெயர் என்று செக்கிங்கில் நின்றால் பதில் சொல்வது கஷ்டம்.

கொல்லங்கோட்டான்:

ஆர்சி ஜெராக்ஸ் மட்டும்தான் கொடுத்தார், ஒரிஜினலைக் கேட்டு வாங்குகிறேன். இஞ்சின் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். சட்டப்பூர்வமாகக் ‘கமலாக்ஷி’ என்றே கேட்கப் போகிறேன். மகளிடம் தோணி விஷயம் சொன்னேன், எப்போது என்று கேட்கிறாள், இது எனக்குப் புதுச் செலவு, பர்மிங்காம் அண்ணாச்சிக்கு நன்றி!

மூத்தாசாரி மகன்:

ஒன்று விட்டுப்போயிற்று. முன்பக்கத்தில் அந்த எழுத்து இருக்கிற பலகையை ஆசாரி இழைப்புளி வைத்து வழுவழுப்பாக்கப் பார்ப்பார், அவர்கள் கைப்பழக்கம் அப்படி. முதல் நாளே சொல்லிவிடுங்கள். எண்ணெய் அடிக்கும்போதும் எழுத்துக்குள்ளே தேங்க விடாமல் ஒரு துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மூன்று பூச்சில் எழுத்து தூர்ந்துவிடும். மரத்துக்கு, திற்பரப்பில் தெரிந்த ஒரு மில்காரரிடம் கேட்டிருக்கிறேன், முப்பதடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தடி கிடக்கிறதாம். பின்பக்கப் பலகைக்கு அது தாராளம். நீங்கள் பார்த்துவிட்டு விலை பேசுங்கள், வெட்டு வாயில் வெடிப்பு இருக்கிறதா என்று இரண்டு முனையையும் பாருங்கள்.