கேலிப்பரில் போர் (துளை) 34.98 காட்டுகிறது, 35 எம்எம் பேரிங் லூசாக விழுகிறது. ஏன்?

மினிலேத்
வணக்கம். சின்ன லேத்தில் அலுமினியத்தில் ஒரு ஹவுசிங் (பேரிங் உட்காரும் கூடு) செய்கிறேன். 6202 பேரிங் உட்கார வேண்டும். வெளிவிட்டம் 35, உள்விட்டம் 15. கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும் என்று போரை 34.98-இல் நிறுத்தினேன். பேரிங்கை வைத்தால் தட்டவே வேண்டியதில்லை, தானாக உள்ளே இறங்கிவிடுகிறது. ஷாஃப்டில் (பேரிங்குக்குள் போகும் தண்டு) கதை தலைகீழ்: 14.99 காட்டுகிறது, பேரிங்குக்குள் போக மாட்டேன் என்கிறது.

இரண்டையும் அளந்தது ஒரே 150 எம்எம் டிஜிட்டல் கேலிப்பர்தான். தாடைகளை மூடி ஜீரோ அழுத்திவிட்டுத்தான் அளந்தேன். ஒரே இடத்தைத் திரும்ப அளந்தாலும் 0.02 வரை மாறுகிறது. திரையில் 0.01 வரை தெரிகிற கருவியில் இப்படி வருமா? கேலிப்பர் போய்விட்டதா?

இரும்புத்துகள்
மலிவான கேலிப்பர் என்றால் அப்படித்தான் இருக்கும். தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள்.

பழைய டர்னர்
பொறுங்கள் தம்பி, அதற்குள் வாங்கச் சொல்லாதீர்கள். மினிலேத் சொன்ன அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. பேரிங் லூசாக விழுகிறது என்றால் போர் 34.98 அல்ல, 35-ஐத் தாண்டியிருக்கிறது. ஷாஃப்ட் நுழையவில்லை என்றால் அதுவும் 14.99 அல்ல, 15-க்கு மேலே. அதாவது உள்ளே அளந்தாலும் வெளியே அளந்தாலும் கேலிப்பர் குறைத்தே காட்டுகிறது. கருவி கெட்டுப்போனால் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு வராது. முதலில் ஜீரோவைச் சந்தேகப்படுங்கள்.

வெளித்தாடைகளுக்கு நடுவே ஒரு பிசிறோ எண்ணெயில் ஒட்டிய தூளோ இருக்கும்போது ஜீரோ அழுத்தினால், அந்தத் தூளின் தடிமனைத்தான் சுழி என்று கருவி எடுத்துக்கொள்ளும். உள்தாடையும் அதே ஸ்லைடில்தான் (நகரும் பகுதி) இருக்கிறது. அதனால் எதை அளந்தாலும் அவ்வளவு குறையும்.

இப்போது ஜீரோ பொத்தானைத் தொடாதீர்கள். சுத்தமான காகிதத்தைத் தாடைகளுக்கு நடுவே வைத்து மெல்ல மூடி, அப்படியே காகிதத்தை உருவி எடுங்கள். இரண்டு மூன்று முறை செய்துவிட்டு வெறும் தாடையை மூடிப் பாருங்கள். மைனஸில் ஏதாவது காட்டினால் அதுதான் ஆள். அப்புறம் மூடிய தாடையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் ஒளிக்கீற்று வந்தால் தாடை அடிபட்டிருக்கிறது அல்லது ஸ்லைடு ஆடுகிறது.

கேஜ் ரூம்
டர்னர் சார் சொன்னது சரி. அந்த 0.02 ஆட்டத்துக்கு வருகிறேன்.

திரையில் கடைசி இலக்கம் 0.01 என்பது கருவி எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பது மட்டும்தான். எவ்வளவு சரியாகக் காட்டும் என்பது வேறு கணக்கு. நல்ல 150 எம்எம் கேலிப்பருக்கே துல்லியம் ±0.02 என்றுதான் போட்டிருப்பார்கள். சாதாரண ரகத்தில் ±0.03.

அடுத்தது கட்டைவிரல். மைக்ரோமீட்டர் என்கிற திருகு அளவியில் அளவுகோலும் ஜாபும் (அளக்கும் பொருள்) ஒரே கோட்டில் இருக்கும், அழுத்தம் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள ராட்செட்டும் உண்டு. கேலிப்பரில் அளவுகோல் மேலே, ஜாப் கீழே. அழுத்தினால் ஸ்லைடு லேசாகச் சாயும். அளவுகோலும் அளக்கும் பொருளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று எர்ன்ஸ்ட் அபே 1890-இல் சொன்ன விதி இதைப் பற்றித்தான். ஆகவே தாடை நுனியில் பிடிக்காமல், முடிந்தவரை பீமுக்கு (அளவுகோல் இருக்கும் நீளப் பட்டை) பக்கத்தில் ஜாபை வைத்து, தொட்டவுடன் நிறுத்துங்கள். ஒரே ஜாபை நுனியிலும் அடியிலும் அளந்து வித்தியாசம் வந்தால், ஸ்லைடின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களை மிதமாக இறுக்கி, எட்டில் ஒரு சுற்று போலப் பின்னுக்குத் தளர்த்திவிடுங்கள். ஸ்லைடு ஆடாமல் வழுக்க வேண்டும்.

ஸ்லிப் கேஜ் (அளவு துல்லியமாகத் தெரிந்த உலோகக் கட்டை) இல்லையென்றாலும் கையில் புது பேரிங் இருக்கிறதே! சாதாரண கிளாஸ் 6202-இன் வெளிவிட்டம் 35.000-இலிருந்து கீழே 0.011-க்குள், உள்விட்டம் 15.000-இலிருந்து கீழே 0.008-க்குள் இருக்கும். வெளித்தாடைக்கும் உள்தாடைக்கும் இதைவிட வசதியான சோதனை கிடைக்காது. அகலத்தை மட்டும் நம்பாதீர்கள், 11 எம்எம்மில் அதற்கு 0.12 வரை சலுகை உண்டு.

மினிலேத்
காகிதம் போட்டு உருவினேன். மூடினால் −0.03! மறுபடி ஜீரோ செய்து பேரிங்கை அளந்தால் வெளியே 34.99, உள்ளே 15.00. ஷாஃப்ட் இப்போது 15.02. ஆனால் போர் மட்டும் இன்னும் 35.00, 35.02 என்று அலைகிறது. லேத்திலிருந்து கழற்றிய சூடு காரணமாக இருக்குமா?

பழைய டர்னர்
சூடும் சேரும். அலுமினியம் ஒரு மீட்டருக்கு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 எம்எம்) விரியும். 35 எம்எம் போர் 20 டிகிரி சூடேறினால் 0.016 பெரிதாகக் காட்டும். கையில் பிடித்தால் சூடு தெரிகிற ஜாபை அளக்காதீர்கள்.

ஆனால் இப்போது ஆறியிருக்குமே. போர் அலைவதற்கு முதல் காரணம் தாடை சரியாக விட்டத்தில் நிற்காததுதான். பக்கவாட்டில் ஆட்டி வருகிற பெரிய ரீடிங்கையும், முன்னும் பின்னும் சாய்த்து வருகிற சின்ன ரீடிங்கையும் பிடிக்க வேண்டும். அதோடு த்ரீ ஜா சக்கில் (மூன்று தாடையால் ஜாபைப் பிடிக்கும் லேத் பிடிப்பான்) மெல்லிய சுவரை இறுக்கிப் போர் செய்தீர்களா? சக்கில் வட்டமாக இருக்கும், கழற்றியதும் மூன்று பக்கமும் விட்டுக்கொடுத்து மும்முனையாகிவிடும். எதிரெதிரே இரண்டு புள்ளியில் தொடுகிற கேலிப்பருக்கு அது சரியாகத் தெரியவும் தெரியாது.

இரும்புத்துகள்
நடுவில் என் சந்தேகம் ஒன்று. என்னுடையதில் எண்கள் மினுக்கிக்கொண்டே இருக்கின்றன, சில நேரம் தானாகக் குதிக்கின்றன.

கேஜ் ரூம்
மினுக்கினால் பேட்டரி. எல்ஆர்44 பட்டன் செல்லுக்குப் பதில் எஸ்ஆர்44 போடுங்கள். அளவு ஒன்றுதான், ஆனால் கடைசிவரை 1.55 வோல்ட்டிலேயே நிற்கும். எல்ஆர்44 படிப்படியாக இறங்கும். குதிப்பது பெரும்பாலும் பீம் மேல் கூலன்ட் ஈரம். சாதாரண டிஜிட்டல் கேலிப்பர் கெபாசிட்டன்ஸை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கிறது, ஈரம் பட்டால் குழம்பும். துடைத்துக் காயவிடுங்கள்.

மினிலேத்
நன்றி சார். லூசான ஹவுசிங்கை என்ன செய்வது? சென்டர் பஞ்சால் சுற்றிலும் புள்ளி வைத்து இறுக்கலாம் என்கிறார்கள்.

பழைய டர்னர்
அதை மட்டும் செய்யாதீர்கள். பேரிங் புள்ளிகளின் மேல் உட்காரும், கொஞ்ச நாளில் அவை நசுங்கி மறுபடி லூசாகும், சென்டரும் போய்விடும். 0.02 இடைவெளிக்கு ரிடெய்னிங் காம்பவுண்ட் (இடைவெளியை நிரப்பி இறுகும் பசை) போதும். இரண்டு பக்கமும் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டுப் பூசுங்கள், பேரிங்கின் சீலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டை லேத்திலேயே ஓடவிட்டு எமரி தாளால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பேரிங்கையே போட்டுப் பாருங்கள்.

கேஜ் ரூம்
அடுத்த ஹவுசிங்குக்கு 34.8 வரை கேலிப்பரோடு வாருங்கள். அதற்கு மேல் டெலஸ்கோபிக் கேஜை (துளைக்குள் விரியும் அளவுக்கம்பி) போரில் விரித்து லாக் செய்து, வெளியே எடுத்து 25–50 எம்எம் மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். அந்த மைக்ரோமீட்டரிலேயே பேரிங்கையும் அளந்துவிட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நேராகக் கிடைத்துவிடும். கடைசி கட் எடுப்பதற்கு முன் சக்கை லேசாகத் தளர்த்தி மறுபடி மிதமாக இறுக்குங்கள்.