த்ராட்லிங்: ‘வேகவெட்டு’ என்ற சொல்லுக்கான முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

நம் குழு தொகுத்துவரும் இணையத் தொடர்புச் சொற்பட்டியலில் ‘த்ராட்லிங்’ என்ற சொல்லுக்கு நேரே இன்னும் வெற்றிடம்தான் இருக்கிறது. சேவை தருகிறவர் இணைய வேகத்தை வேண்டுமென்றே குறைப்பதுதான் த்ராட்லிங். பிராட்பேண்டுக்கு அகலப்பட்டை, அகலக்கற்றை என இரண்டு சொற்கள் புழங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே பொருளைத்தான் சுட்டுகின்றன. த்ராட்லிங் விஷயத்தில் அந்தத் தாராளம் கூடாது. இங்கே சொல் பிசகினால், மாதாமாதம் பணம் கட்டுகிறவர் யாரிடம் முறையிட வேண்டும் என்பதே மாறிப்போகும். அதனால், குழுவில் வந்த கேள்விகளையும் பரிந்துரைகளையும் மேற்கோளிட்டுப் பதில் சொல்கிறேன்; இந்த மடல் சற்று நீளும்.

> வேகக் குறைவு என்றாலே எல்லோருக்கும் புரிகிறதே. புதுச்சொல் எதற்கு?

எனக்கு இருக்கும் முதல் தடை இதுதான். குறைவு தன்வினையிலிருந்து வரும் பெயர். ஆற்றில் நீர் குறைந்தது, காய்ச்சல் குறைந்தது என்பதைப் போல வேகமும் தானாகக் குறைந்தது என்றே அது சொல்கிறது. த்ராட்லிங்கில் எதுவும் தானாகக் குறைவதில்லை. கம்பி நன்றாக இருக்கிறது, கருவி நன்றாக இருக்கிறது, வேகத்தைத் தரும் திறனும் அப்படியே இருக்கிறது. சேவை தருகிறவர் ஒரு வரம்பை வைத்துவிட்டு, அதற்குமேல் போகாதே என்று பிடித்து நிறுத்துகிறார். செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரை ஒளித்துவைக்கும் சொல் நமக்கு வேண்டாம்.

இதை அண்டை வீட்டில் கண்ணால் பார்த்தேன். ஃபைபர் இணைப்பு. மாதக் கடைசியில் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் காணொளி வழியே வேலைக்கான நேர்காணல். படம் உறைந்து உறைந்து நின்றது. சுவரில் இருந்த மோடம் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். இழை அறுந்திருந்தால் ‘லாஸ்’ என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னும். அது அணைந்திருந்தது. ‘பான்’ விளக்கு ஆடாமல் பச்சையாக எரிந்தது. வைஃபையை விட்டுவிட்டு மடிக்கணினியை நேரே கேபிளில் இணைத்துச் சோதித்தோம். வேகம் 2 எம்பிபிஎஸ்ஸில் போய் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நெரிசலில் வேகம் ஏறி இறங்கித் தள்ளாடும். இப்படி ஆணியடித்ததுபோல் ஒரே எண்ணில் நின்றால் அது வைத்த வரம்பு என்று சந்தேகப்பட வேண்டும். திட்டத்தின் தரவளவு தீர்ந்துபோயிருந்தது. புகார் கொடுத்தார்கள். மறுநாள் கைப்பேசிக்கு வந்த பதிலில் ‘வேகக் குறைவு தொடர்பான புகார் ஆய்வு செய்யப்பட்டது, இணைப்பில் பழுதில்லை’ என்று இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. பழுது இல்லைதான். ஆனால் என்ன நடந்தது என்பது அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. குறைவு என்ற சொல் அதற்கு வசதியாக இடம் கொடுத்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லைத் தேர அது உதவும். நம் வீட்டு இணைப்பு நிறுவனத்தின் ஒரு பெரிய ரவுட்டரில் போய் முடிகிறது. நாம் செலவழிக்கும் ஒவ்வொரு ஜிபியும் கணக்குச் சேவையகத்தில் ஏறுகிறது. வரம்பைத் தொட்டதும் அந்தச் சேவையகம் ரவுட்டருக்கு ஓர் ஆணை அனுப்புகிறது: இந்த வாடிக்கையாளருக்கு இனி இந்த வேகம். யாரும் கம்பத்தில் ஏற வேண்டியதில்லை. அந்த நொடியிலிருந்து, அளவுக்கு மேல் வரும் தரவுப் பொட்டலங்களை ரவுட்டர் வரிசையில் காக்கவைக்கும், அல்லது கீழே போட்டுவிடும். பொட்டலம் தொலைவதைக் காணும் மறுமுனைக் கணினி, வழியில் நெரிசல் என்று நினைத்துக்கொண்டு தானே அனுப்பும் வேகத்தைத் தணிக்கிறது. நெரிசலுக்கும் வேண்டுமென்றே செய்வதற்கும் உள்ள வேறுபாடு, இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி நெறிமுறைக்கே தெரிவதில்லை. நம் சொல்லிலாவது அது தெரிய வேண்டும்.

> நெரிப்பு எனலாமே. ஆங்கில மூலமும் தொண்டையை நெரிப்பதுதான். பிறவினையாகவும் இருக்கிறது.

கோவை நண்பரின் இந்தப் பரிந்துரை என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது. பொருள் கச்சிதமாக வருகிறது. ஆனால் நெரிசல் என்ற சொல் கன்ஜெஷனுக்கு ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது: போக்குவரத்து நெரிசல், கூட்ட நெரிசல், அதன் வழியே வலை நெரிசல். நெரிசல், நெரிப்பு என்று ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்தால் அவசரத்தில் எழுதும் செய்தியாளரும் படிக்கும் வாசகரும் குழம்புவார்கள். நாம் எந்த இரண்டைப் பிரிக்கப் பாடுபடுகிறோமோ அவை இரண்டும் ஒலியில் ஒட்டிக்கொள்ளும். தவிர, நெரிப்பு என்றதும் கழுத்துதான் நினைவுக்கு வருகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்காணையத்தின் ஆவணத்திலோ ஒப்பந்தப் படிவத்திலோ அப்படியொரு சொல்லை எவரும் ஏற்கமாட்டார்கள். எதிர்ப்புக் கட்டுரையில் மட்டும் வாழும் சொல் கலைச்சொல் ஆகாது.

> ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் போல வேகக் குறுக்கம்?

தமிழாசிரியர் அம்மையாரின் இந்த யோசனை அழகானது. தனக்குரிய மாத்திரையிலிருந்து குறைந்து ஒலிப்பது குறுக்கம். தனக்குரிய வேகத்திலிருந்து குறைந்து ஓடுவது வேகக் குறுக்கம். ஆனால் இலக்கணத்தில் குறுக்கம் இடம் நோக்கித் தானே நிகழ்வது. ஐகாரம் சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வந்தால் குறுகும் என்கிறோமே தவிர, அதை ஒருவர் குறுக்கினார் என்று சொல்வதில்லை. ஆக, மறுபடியும் செய்கிறவர் மறைந்துபோகிறார்.

யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன ‘மட்டுப்படுத்தல்’ பிறவினைதான். இலங்கையில் வரம்புக்குட்பட்ட எதற்கும் ‘மட்டுப்படுத்தப்பட்ட’ என்று எழுதுவது வழக்கம். அங்கே மட்டுப்படுத்தப்பட்ட இணையச் சேவை என்றால், தரவளவு குறிக்கப்பட்ட திட்டம் என்றே முதலில் பொருள் கொள்வார்கள். அளவுக்கு வரம்பு வேறு, வேகத்துக்கு வைக்கும் வரம்பு வேறு. ‘வேகத்தடை’ சாலையில் இருக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடுவோம். ‘முடக்கம்’ கூடாது, இணையத்தை முற்றாக நிறுத்துவதற்கு அந்தச் சொல் வேண்டும்.

என் முன்மொழிவு: வேகவெட்டு.

மின்வெட்டு என்ற சொல் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒரே பொருளில் வாழ்கிறது. 2022இல் இலங்கை நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டை அறிவித்தபோது சென்னை வாசகருக்கு அகராதி தேவைப்படவில்லை. அதைவிட முக்கியம், மக்கள் அந்தச் சொல்லைக் கையாளும் நுட்பம். மின்மாற்றி வெடித்து மின்சாரம் போனால் மின்தடை. வாரியம் கணக்குப் போட்டு நிறுத்தினால் மின்வெட்டு. நடப்பது மின்தடையா மின்வெட்டா என்று மேடைகளில் சண்டை நடக்கும் அளவுக்கு அந்த வேறுபாடு கூர்மையாக நிற்கிறது. பொறுப்பு யாருடையது என்ற கேள்வி முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருப்பதால்தான் சண்டை. இணையத்துக்கும் அதே கேள்விதான். எந்த வாரியமும் எந்தக் குழுவும் வகுப்பெடுத்துச் சொல்லித்தராத இந்த வேறுபாட்டை மக்கள் தாமே உண்டாக்கிக்கொண்டார்கள். அவர்கள் கட்டிய வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்பினால் போதும்.

> வெட்டு என்றால் முழுதாகத் துண்டித்தல் அல்லவா? இங்கே இணைப்பு இருக்கிறதே.

இந்த மறுப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். சம்பள வெட்டு என்கிறோம். சம்பளம் அடியோடு நின்றுபோவதில்லை, குறைத்துத் தருகிறார்கள். சட்டமன்றத்தில் வெட்டுத் தீர்மானம் கொண்டுவருகிறார்கள்; மானியக் கோரிக்கையில் ஒரு தொகையைக் குறைக்கக் கோருவது அது. எதை வெட்டுகிறோம் என்பதை முன்னால் நிற்கும் சொல் சொல்லிவிடுகிறது. இணையத்தை வெட்டினால் எதுவும் மிஞ்சாது. வேகத்தை வெட்டினால் மிச்ச வேகம் இருக்கும். அந்த மிச்சத்துக்கு ‘வெட்டுக்குப் பிந்தைய வேகம்’ என்று எழுதலாம். இன்று திட்ட விவரங்களில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் எண் அதுதான்.

அந்த எண்ணுக்கும், எது அகலப்பட்டை என்ற வரையறைக்கும் சேர்ந்தே ஒரு வரலாறு உண்டு. இந்திய அரசின் 2004ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை 256 கேபிபிஎஸ் இருந்தாலே அகலப்பட்டை என்றது. 2013இல் அது 512 ஆனது. 2023இல் 2 எம்பிபிஎஸ். நடுவே 2016இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்காணையமான டிராய் பிறப்பித்த ஆணை, வீட்டு இணைப்பில் தரவளவு தீர்ந்தபின்னும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக்கூடாது என்றது; பயன்பாடு 50, 90, 100 விழுக்காட்டைத் தொடும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்றும் சொன்னது. இப்படியோர் உரிமை தரப்பட்டது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? தரவளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைக்கும் விதியான ‘ஃபேர் யூசேஜ் பாலிசி’க்குப் புழங்கும் ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கை’ என்ற மொழிபெயர்ப்பு அதைத் தெரியவிடாமல் செய்கிறது. கேட்டால் பயன்படுத்துகிறவர் ஏதோ அநியாயம் செய்ததுபோல் இருக்கிறது. ‘வேகவெட்டு விதி’ என்று எழுதினால் அதில் என்ன இருக்கிறது என்பது தலைப்பிலேயே விளங்கும். பல திட்டங்கள் இன்று 3,300 ஜிபி வரை முழு வேகம் தருகின்றன என்பதால் பெரும்பாலோர் அந்த வரம்பைத் தொடுவதில்லை. விலை குறைந்த திட்டம் வாங்குகிறவர்தான் தொடுகிறார்.

இந்தச் சொல் தரவளவு வெட்டுக்கு மட்டும் பயன்பட்டால் போதாது. 2021 மார்ச்சில் ரஷ்யா ட்விட்டரின் வேகத்தைக் குறைத்தது. ட்விட்டரின் சுருக்க முகவரியான ‘டி.கோ’வைத் தேடும்படி வைத்த விதி, முகவரியின் எந்த மூலையில் அந்த எழுத்துகள் வந்தாலும் பிடித்துக்கொண்டது. டி எழுத்தில் முடியும் பெயருக்குப் பின்னால் டாட் காம் வந்தால் போதும், நடுவே t.co என்று அமைந்துவிடும். மைக்ரோசாஃப்ட், ரெட்டிட் தளங்கள் சிக்கின. ரஷ்ய அரசின் ஆர்டி செய்தித் தளமும் தப்பவில்லை. நெரிசல் எந்தக் காலத்திலும் எழுத்துக்கூட்டிப் பார்க்காது. இது ‘தளவாரி வேகவெட்டு’. ஜம்மு காஷ்மீரில் முடக்கத்துக்குப் பின் 2020 ஜனவரியில் கைப்பேசி இணையம் திரும்பியபோது 2ஜி வேகத்துக்கே அனுமதி. எல்லா மாவட்டங்களுக்கும் 4ஜி வந்தது 2021 பிப்ரவரியில். அதுவரை நடந்ததை முடக்கம் என்றும் சொல்ல முடியாது, சேவை இருந்தது என்றும் சொல்ல மனம் வராது. ‘அரசாணை வேகவெட்டு’ என்றால் உள்ளதை உள்ளபடி சொன்னதாகும்.

கலிஃபோர்னியாவில் 2018 கோடையில் மென்டொசினோ காட்டுத்தீ எரிந்தபோது சான்டா கிளாரா தீயணைப்புத் துறையின் கட்டளை வண்டிக்குப் போன இணைப்பின் வேகத்தை வெரைசன் நிறுவனம் வெட்டியது. வழக்கமான வேகத்தில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை என்று தீயணைப்புத் தலைவர் நீதிமன்றத்தில் வாக்குமூலம் தந்தார். நிறுவனம் அதை வாடிக்கையாளர் சேவையில் நேர்ந்த பிழை என்றது. அது வலை நடுநிலை (எல்லா இணையப் போக்குவரத்தையும் சமமாக நடத்த வேண்டும் என்ற கொள்கை) மீறலா, வெறும் தரவளவுத் தகராறா என்று அமெரிக்காவில் நெடுநாள் வாதிட்டார்கள். எதுவாக இருந்தாலும் நடந்தது வேகவெட்டு. காரணம் வேறுபடலாம், செயலுக்குப் பெயர் ஒன்று இருக்க வேண்டும். இந்தியாவில் 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஏற்ற வலை நடுநிலை விதிகளும், உள்ளடக்கத்தைத் தடுப்பதையும் அதன் வேகத்தைக் குறைப்பதையும் தனித்தனியாக எண்ணி விலக்கின. ஆகவே தமிழிலும் தடுப்புக்கு ஒரு சொல், வெட்டுக்கு ஒரு சொல் என்று இருப்பதே முறை.

ஒரு நண்பர், வேகவெட்டு நடக்கிறது என்று பயனர் எப்படி நிறுவுவார், நிறுவ முடியாததற்குப் பெயர் எதற்கு என்று கேட்டிருந்தார். நிறுவ முடியும். நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘வீஹி’ என்ற செயலி ஒரு காணொளியின் போக்குவரத்தை இருமுறை ஓட்டுகிறது: ஒருமுறை உள்ளபடி, மறுமுறை அதன் பிட்டுகளைப் புரட்டி, இன்ன தளம் என்று எந்தக் கருவியும் அடையாளம் காணாதபடி. அளவு ஒன்று, வழி ஒன்று. அடையாளம் தெரிந்தபோது மட்டும் வேகம் விழுந்தால் வெட்டு வெளிப்பட்டுவிடும். அதைக் கொண்டு அமெரிக்கக் கைப்பேசி நிறுவனங்கள் காணொளியின் வேகத்தை வெட்டுவதைக் காட்டினார்கள். பிரான்சின் ஒழுங்காணையமும் அந்தக் கருவியைத் தன் மக்களுக்குப் பரிந்துரைத்தது. தமிழில் ஒரு கையேடு எழுதினால் ‘வேகவெட்டுச் சோதனை’ என்று தலைப்பிடலாம். வேகக் குறைவுச் சோதனை என்றால் ஒன்றும் விளங்காது.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆவதுபோல வேகம், வெட்டு சேர்ந்து வேகவெட்டு. இடையில் மிகுவதில்லை, பிரித்து எழுதவும் வேண்டாம். வினை: வேகத்தை வெட்டினார்கள், வேகம் வெட்டப்பட்டது. ‘வேகவெட்டு செய்தார்கள்’ என்று எழுத வேண்டாம். நல்ல வினைச்சொல் கைவசம் இருக்கும்போது செய் என்ற துணைக்கு வேலையில்லை.

பட்டியலுக்கான வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன்:

வேகவெட்டு: இணைப்புக்கு உள்ள திறனைவிடக் குறைவான வேகமே கிடைக்கும்படி, சேவை தருபவரோ அவருக்கு ஆணையிடும் அரசோ வேண்டுமென்றே வரம்பிடுதல். தரவளவு தீர்ந்ததால் செய்வதும், குறிப்பிட்ட தளம் அல்லது செயலியைக் குறிவைத்துச் செய்வதும் இதில் அடங்கும். நெரிசலாலும் பழுதாலும் நேரும் வேகக் குறைவு இதில் அடங்காது.

‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்று யாரேனும் கருதினால் காரணத்தோடு எழுதுங்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. எந்தத் தரவு எப்போது, எந்த வேகத்தில் போக வேண்டும் என்று முறைப்படுத்தும் டிராஃபிக் ஷேப்பிங்குக்கு ‘ஓட்ட ஒழுங்கு’ என்று வந்த பரிந்துரை எனக்கு உடன்பாடுதான். ஆனால் அழைப்புகளுக்கு முன்னுரிமை தரும் நல்ல ஒழுங்கும் அதில் இருப்பதால், அதை வேகவெட்டோடு சேர்க்காமல் தனிப்பதிவாக இடுவோம். சில தளங்களுக்குச் செலவாகும் தரவைக் கணக்கில் சேர்க்காமல் விடும் ஸீரோ ரேட்டிங்குக்கு இன்னும் சொல் வரவில்லை. ‘கணக்கில்லாத் தரவு’ சரிவராது, அளவற்ற தரவு என்று படிப்பவர்களே அதிகம் இருப்பார்கள். அடுத்த மடலில் அதை எடுத்துக்கொள்ளலாமா?

அன்புடன்.