புதுப்பிப்பு: போபால் ஆய்வகத்திலிருந்து பரிசோதனை முடிவு வந்துவிட்டது

கூடலூர் பக்கம் என் பண்ணையில் 3 நாளில் 7 பன்றிகள் செத்தன, காது, வயிறெல்லாம் சிவந்திருந்தது என்று போன மாதம் எழுதியிருந்தேன். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று பலரும் எச்சரித்தீர்கள். 2022-இல் பக்கத்து வயநாட்டில் அது வந்தபோது பண்ணை பண்ணையாகப் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். அந்த நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் ஒன்றையும் விடமாட்டார்கள். அக்கம்பக்கத்துக்காரர்களை நினைத்துத் தூக்கமே வரவில்லை.

அது இல்லை. இது பழைய பன்றிக்காய்ச்சல் (கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்), வேறொரு வைரஸ். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். (மனிதருக்கு வரும் எச்1என்1 வேறு.) ஆப்பிரிக்க வகைக்கு இங்கே தடுப்பூசி இல்லை, இதற்கு உண்டு. நான் போடாமல் விட்டேன். சந்தையில் வாங்கிய 2 குட்டிகளைத் தனியே வைக்காமல் நேராகக் கொட்டகையில் விட்டதும் என் தவறுதான்.

மொத்தம் 11 போய்விட்டன. மிச்சத்துக்கு ஊசி போட்டாயிற்று. ஓட்டல் எச்சிலை இப்போது நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே கொடுக்கிறேன். இரண்டு வைரஸும் சரியாக வேகாத இறைச்சித் துண்டிலேயே வந்துவிடும். சினைப்பன்றி ஒன்று நேற்றுதான் மறுபடி தீனி எடுத்தது.