முழுச்சொல் தேடல்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மெய்ப்புநோக்கி:
ஆண்டு மலர் ஒன்றில் ‘படம்’ என வந்த இடமெல்லாம் ‘திரைப்படம்’ ஆக்கச் சொன்னார்கள்; சொல் தொடங்கி முடியும் இடமான சொல்லெல்லையைக் குறிக்காமல் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றிவிட்டேன். அச்சாகி வந்த இதழில் ஒரு பக்கத்தின் அடியில் ‘புகைப்திரைப்படம்’ என்று இருந்ததைக் கண்டபோது கை நடுங்கிவிட்டது. அடுத்த முறை விஎஸ் கோட் என்ற உரைத்தொகுப்பானில் ரெஜெக்ஸைத் (குறிகளால் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) திறந்து, சொல்லின் இருபுறமும் எல்லைக்குறியான பின்சாய்கோட்டையும் பி எழுத்தையும் (\b) இட்டுத் தேடினேன். சொல் கண்ணெதிரே இருந்தும் ஒரு முடிவுகூட வரவில்லை.

சொற்கணக்கு:
முடிவே வராதது நல்லது. ‘கண்’ தனிச்சொல்லாக எத்தனை முறை வருகிறது என்று எண்ண, பைத்தான் நிரல்மொழியின் ரெஜெக்ஸ் நூலகமான ரீயில் அதே குறியைத்தான் இட்டேன். தனியாக நின்ற ‘கண்’ ஒன்றும் சிக்கவில்லை. ‘கண்ணீர்’, ‘கண்ணாடி’, ‘கண்டேன்’ ஆகியவை வரிசையாக வந்து நின்றன. அந்த நூலகம் புள்ளியைச் சொல்லின் உறுப்பாகக் கொள்வதில்லை. ஆகவே புள்ளிக்குப் பின் இடைவெளி வந்தால் அங்கே எல்லை இல்லை, மெய்யோ உயிர்மெய்யோ தொடர்ந்தால் எல்லை உண்டு. மெய்யெழுத்தில் முடியும் எந்தச் சொல்லுக்கும் இதே நிலைதான் என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

வைகைக்கரை:
மேலே உள்ள இருவரும் கருவியையே குறை சொல்கிறீர்கள். எல்லை சரியாக வேலை செய்திருந்தாலும் ‘படத்தை’, ‘படத்தில்’ இரண்டும் தப்பியிருக்கும். என் கதையில் ‘மதுரை’யைத் ‘தேனி’யாக்க முழுச்சொல் மட்டும் தேடினேன், தேனியில் பிறந்தவன் கடைசி அத்தியாயத்தில் ‘மதுரைக்கு’த் திரும்பினான். விம் என்ற உரைத்தொகுப்பானில் \<மதுரை என்று இடப்பக்க எல்லையை மட்டும் வைத்திருக்க வேண்டும்.

ஏடு:
நானும் ஒரு நாள் முழுவதையும் இதில் இழந்தேன். மற்றவர்கள் இழக்க வேண்டாம் என்பதற்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன். விஎஸ் கோடில் திறந்த கோப்புக்குள் தேடும் ரெஜெக்ஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியினுடையது. அதில் அந்த எல்லைக்குறிக்கு ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், அடிக்கோடு ஆகியவை மட்டுமே சொல்லின் உறுப்புகள். தமிழ் எழுத்தும் இடைவெளியும் அதற்கு ஒன்றே, அதனால்தான் முதலாமவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விஎஸ் கோடின் முழுச்சொல் பொத்தானோ பிரிப்பான்களின் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வதால் தமிழுக்கும் ஒத்துவரும். ரெஜெக்ஸ்தான் வேண்டுமென்றால் எல்லையை நாமே எழுதிவிடலாம்:

(?<![ஃ-௺])படம்(?![ஃ-௺])

முன்னும் பின்னும் தமிழ் எழுத்தோ, புள்ளியோ, துணைக்காலோ இருக்கக் கூடாது என்பது இதன் பொருள்; பைத்தானிலும் இதுவே போதும். வைகைக்கரை கேட்பதைப் போல உருபு ஏற்ற வடிவங்களும் வேண்டுமென்றால் வலப்பக்க அடைப்பை நீக்கிவிடுங்கள். ஆனால் ‘படம்’ ‘படத்தை’ ஆகும்போது மகரம் கெடுவதால் ‘படத்த’ என்பதைத் தனியாக ஒருமுறை தேட வேண்டும், அப்போதும் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.