பேக்கப் வெளியீட்டை ஒழுங்குபடுத்தப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

இரவுப்பணி:
மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைப் பேக்கப் எடுக்கும் எக்ஸ்ட்ராபேக்கப், வேலை முடிந்ததும் கடைசி வரியாக 'கம்ப்ளீட்டட் ஓகே!' என்று எழுதும், தெரிந்ததுதானே. அதையும், தரவை எஸ்கியூஎல் கட்டளைகளாக ஒரு கோப்பில் (டம்ப்) எழுதும் மைஎஸ்கியூஎல்டம்ப்பையும் சேர்த்து ஓட்டும் கருவி ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஓரிடத்தில் அளவு 1.2 ஜிபி, இன்னோரிடத்தில் பைட் கணக்கு. தேதி ஒரு வரியில் முன்னால், அடுத்த வரியில் பின்னால். பொறுக்காமல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். அந்த ஆச்சரியக்குறியும் உறுத்தியது, எடுத்துவிட்டேன். இரவு 2.40க்குத் தொலைபேசி. திரையில் 38 தரவுத்தளங்களும் சிவப்பு! ஒவ்வொன்றாகத் திறந்தால் கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஆச்சரியக்குறியோடு தேடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எழுதியவனும் நான்தான்.

குளிர்அறை:
உங்களுக்குப் பொய்ச் சிவப்பு. எனக்குப் பொய்ப் பச்சை. செய்திகள் இரண்டு இடத்தில் சிதற வேண்டாமே என்று எல்லாக் கட்டளைகளின் பின்னாலும், பிழைச் செய்தியை வெளியீட்டோடு கலந்துவிடும் 2>&1 சேர்த்தேன். கட்டளை வரியில் கடவுச்சொல் கொடுத்தால் வருமே ஓர் எச்சரிக்கை, அது டம்ப் கோப்பின் முதல் வரியாகப் போய் உட்கார்ந்துவிட்டது. மீட்டெடுக்கும் நாளில் முதல் வரியிலேயே பிழை. மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கோப்பின் தலையைப் பார்க்கத் தோன்றியது.

பழையகை:
இரவுப்பணி, குற்றம் ஆச்சரியக்குறியில் இல்லை. மனிதர் படிக்கும் வரியை இயந்திரத்திடம் படிக்கக் கொடுத்தீர்களே, அதில்தான். நிரல் முடியும்போது வெற்றியா தோல்வியா என்று தரும் எண் இருக்கிறதே, அந்த எக்சிட் கோடைப் பாருங்கள். டம்ப்பைச் சுருக்க ஜிசிப்புக்குக் குழாய் வழியாக அனுப்பினால் ஷெல்லில் பைப்ஃபெயில் அமைப்பைப் போடுங்கள், இல்லாவிட்டால் டம்ப் தோற்றாலும் ஜிசிப்பின் எக்சிட் கோடுதான் கையில் கிடைக்கும். நிரலுக்கு வெளியீட்டுப் பாதை இரண்டு: தரவு ஸ்டாண்டர்ட் அவுட்டில், செய்தி ஸ்டாண்டர்ட் எரரில். குளிர்அறை இதை எழுதி ஒட்டி வைக்கலாம். போஸ்ட்கிரஸ் பேக்கப் கருவியான பிஜிபேக்ரெஸ்ட்டில், கேட்டால் இன்ஃபோ கட்டளை நிலவரத்தை இயந்திரம் படிக்கும் ஜேசன் வடிவிலேயே தருகிறது. ஜிபி என்றால் 1000 கணக்கா 1024 கணக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதுங்கள். என் கதை சிறியது: தினமும் இரண்டு டம்ப்களை ஒப்பிட்டு, 'மாற்றம் உண்டு' என்ற மின்னஞ்சலை ஆறு மாதம் நம்பினேன். மாறியது கடைசி வரியில் இருந்த தேதி மட்டும். அந்தத் தேதியை எழுதாமல் விடச் சொல்லும் ஸ்கிப் டம்ப் டேட் என்ற விருப்பம் இருப்பதே அப்போது தெரியாது.

இரவுப்பணி:
ஐயா, ஆலோசனை கேட்கவில்லை. எக்சிட் கோடையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்; இரண்டும் சரியாக இருந்தால்தான் பச்சை. ஆச்சரியக்குறியைத் திரும்பப் போட்டுவிட்டேன். வரிசையாக நிற்கும் வரிகளில் அது ஒன்று மட்டும் இன்னும் துருத்திக்கொண்டிருக்கிறது.