டஃபின்ஸ் ஓடையில் சால்மன் மீட்பு: நம் உழைப்பு எதற்குப் போக வேண்டும்?

அஜாக்ஸ்_அம்மா:
மகளின் வகுப்பில் மாரி முழுவதும் குளிரூட்டிய தொட்டியில் அத்திலாந்திக் சால்மன் முட்டைகளைப் பொரிக்க வைத்து, வசந்தத்தில் குஞ்சுகளை, கனடாவில் டொராண்டோவுக்குக் கிழக்கே ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் நம் டஃபின்ஸ் ஓடையில் விட்டார்கள். ஒன்ராறியோ ஏரியில் ஒரு காலத்தில் மலிந்திருந்த மீன் இது. கடைசியாக 1898இல் நமது ஸ்காபரோக் கரையோரத்தில் பிடிபட்டதாகச் சொல்கிறார்கள். இப்போது ஓடைக்கரையில் மரம் நடவும் கரை கட்டவும் தொண்டர்களைக் கேட்கிறார்கள். ஓடையை ஒட்டிய அஜாக்ஸ், பிக்கரிங் நகரங்களில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். யார் யார் வருகிறீர்கள்?

குளிர்நீர்:
அக்கா, பிள்ளைகளின் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் "நம் மீனை மீட்கிறோம்" என்பதை ஏற்க மாட்டேன். இந்த ஏரிக்கென்று இருந்த வம்சம் அடியோடு அழிந்துவிட்டது. இன்று விடப்படுபவை நோவா ஸ்கோஷியாவின் லஹேவ் ஆறு, மேய்ன் மாநிலத்தின் செபாகோ ஏரி, கியூபெக்கின் சென் ஜான் ஏரி ஆகியவற்றின் வம்சங்கள். 2006இல் திட்டம் பெரிதாகத் தொடங்கியது முதல் மில்லியன் கணக்கில் குஞ்சுகள் விட்டாயிற்று. ஏரியில் வளர்ந்து, முட்டையிட ஓடையேறி வந்தவை சொற்பம்.

இது புதிய தோல்வியும் அல்ல. சாமுவேல் வில்மட் என்பவர் 1860களிலேயே ஒன்ராறியோவின் நியூகாசிலில் பொரிப்பகம் அமைத்துக் குஞ்சு விட்டார். அப்படியும் மீன் அழிந்தது. ஆலைகளுக்குக் கட்டிய அணைகள் வழியை மறித்தன. காட்டை வெட்டியதில் ஓடை சூடேறியது, மண் கரைந்து படுகையை மூடியது. காரணங்களைத் தொடாமல் குஞ்சு விட்டார்கள். நாமும் அதையே செய்கிறோம்.

ஓடைக்கரை:
தம்பி, வில்மட்டை நீங்கள் எடுத்தது எனக்கு வசதி. காரணங்களைத் தொடுகிற வேலையைத்தான் தொண்டர்கள் செய்கிறோம்! துளிர் விடுமுன் வெட்டிய வில்லோ மரக் கொம்புகளை, முக்கால் பாகம் மண்ணுக்குள் போகும்படி கரைச்சரிவில் அடித்து இறக்குகிறோம். வேர் பிடித்தால் அடுத்த வெள்ளத்துக்குக் கரை இடியாது.

பெண் சால்மன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கூழாங்கற்களை அடித்துப் பள்ளம் பறித்து முட்டையிடும். பிறகு கல்லால் மூடிவிடும். மாரி முழுவதும் அந்தக் கற்களின் இடுக்கு வழியே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நுண்மண் வந்து அடைத்தால் முட்டை மூச்சடைத்துச் செத்துவிடும். கரை இடியாமல் காப்பது எதற்கு என்று இப்போது புரியும்.

வம்சம் வேறு என்பது உண்மை, இனம் அதுவேதான். ஏரியின் நியூயோர்க் கரையில் உள்ள சால்மன் ஆற்றில், ஆற்றிலேயே பிறந்த அத்திலாந்திக் குஞ்சுகளை 2009இல் கண்டார்கள். நூறு ஆண்டுக்கு மேல் நடக்காதது அது. அதைச் சொற்பம் என்று தள்ள எனக்கு மனம் வராது.

தூண்டில்காரன்:
இலையுதிர் காலத்தில் ஹைலண்ட் ஓடையிலும் ஹம்பர் ஆற்றிலும் பாலத்தில் நின்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அந்தப் பெரிய மீன் சினூக் என்ற வேறு சால்மன். பசிபிக்கிலிருந்து வந்தது. ஏரியில் அலேவைஃப் என்ற சிறு மீன் பெருகிச் செத்துக் கரையெல்லாம் நாறிய காலத்தில், 1960களின் கடைசியிலிருந்து பசிபிக் சால்மன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை அலேவைஃபைத் தின்று பெருத்தன. படகுக்காரர், தூண்டில் கடைக்காரர் பிழைப்பெல்லாம் அவற்றால்தான். பிழைத்து நிற்கும் மீனை விட்டுவிட்டு ஏன் பிழைக்காததைக் கட்டி அழ வேண்டும்?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பிடித்ததும் வாயைத் திறந்து பாருங்கள். கீழ் ஈறு கறுப்பாக இருந்தால் சினூக். அத்திலாந்திக்கின் வாய் வெளிறியிருக்கும், வாலில் புள்ளி அநேகமாக இராது. எது என்று தெரியாமல் பையில் போடாதீர்கள்.

குளிர்நீர்:
அண்ணா, அந்த அலேவைஃப்தான் சிக்கலே. அதன் உடலில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அதையே தின்று வளரும் சால்மனின் முட்டையில் பி1 குறைகிறது. பொரித்த குஞ்சு சில வாரங்களில் சாகிறது. கரையில் எத்தனை வில்லோ நட்டாலும் ஏரியின் இரை மாறப்போவதில்லை.

இன்னொன்று. இந்த ஓடையின் சொந்த மீன் ரெட்சைட் டேஸ். விரல் நீளம், விலாவில் சிவப்புக் கோடு. நீருக்கு மேலே துள்ளிப் பறக்கும் பூச்சியைக் கவ்வும். கனடாவின் அழிந்துவரும் இனப் பட்டியலில் இருக்கிறது. அதற்காக எந்த வகுப்பறையிலும் தொட்டி வைக்கவில்லை. அதற்கு வேண்டியது நீர்மேல் தொங்கும் புல்லும் புதரும். கரை முழுவதும் மரத்தை நெருக்கி நட்டால் அதன் வாழிடம் போய்விடும். அணையை உடைப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். சினூக்கும், மற்ற மீன்களின் இரத்தத்தை உறிஞ்சும் கடல் லாம்ப்ரேயும் அந்த வழியாகவே ஏறும். அணைக்கு மேலே வாழும் புரூக் டிரவுட் என்ற சொந்த மீனுக்கு இன்று அணைதான் காவல்.

ஓடைக்கரை:
டேஸ் பற்றி நீங்கள் சொல்வது சரி, எங்கே மரம் எங்கே புல் என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் சால்மன் என்ற பெயர் இல்லாவிட்டால் மழையில் மண்வெட்டி பிடிக்க யார் வருவார்கள்? பிள்ளை தொட்டியில் வளர்த்த மீனுக்காகத் தாய் வருகிறார். அவர் இறுக்கிய கரை டேஸுக்கும் டிரவுட்டுக்கும் சேர்த்துத்தான். பி1 குறைவு இருக்கிறதுதான். அது தீரும்வரை ஓடையை இடிய விடுவதா?

அஜாக்ஸ்_அம்மா:
நடவுத் திட்டத்தில் டேஸ் வாழும் பகுதிகள் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு எழுதுகிறேன். தம்பி, அந்தப் பகுதிகளில் நடும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

குளிர்நீர்:
புல்லும் புதரும் நடும் நாளைச் சொல்லுங்கள், வருகிறேன். குஞ்சு விடும் நாளுக்கு என்னை அழைக்க வேண்டாம்.